மைனஸ் நாற்பதில் இறங்கிய பஸ்

என் வீட்டுக்காரர் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். மூடுபனியில் மற்றவர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு தடவுகிற இடத்தில், இவர் ஏதாவது பாட்டை முனகிக்கொண்டு சாவகாசமாகப் போவார். எல்லாம் சரி, பத்தாவதில் கணக்கு மட்டும் ஃபெயில். அரசு பஸ் டிரைவர் வேலைக்குப் பத்தாவது பாஸ் கேட்டார்கள். வயது வரம்பைப் பார்த்தால் அவருக்கு அந்த வருடம்தான் கடைசி. முதலாளிக்குக் கோபம் வந்தால் நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாத பிழைப்பு எங்கள் இருவருக்குமே அலுத்துப்போயிருந்தது. ஆகவே அவர் கணக்கை மட்டும் தனித்தேர்வாக எழுதுவது, நான் சொல்லிக்கொடுப்பது என்று முடிவாயிற்று. எனக்குக் கணக்கு நன்றாக வரும். பொறுமைதான் வராது.

வெறும் சமன்பாடாகக் கொடுத்தால் மனுஷன் போட்டுவிடுவார். வாக்கியமாக வந்தால் வம்பு.

"ஒரு பஸ் 120 கிலோமீட்டர் செல்கிறது. வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் கூடியிருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருக்கும். பஸ்ஸின் வேகம் என்ன?" என்று வாசித்தேன்.

"எந்த ரோடு?" என்றார்.

"எந்த ரோடா இருந்தா என்னங்க?"

"அதெப்படி? சேலத்துலருந்து மேல வர்ற ரோடுன்னா பத்துக் கிலோமீட்டர் கூட்டறது ஆகற காரியமா? கொண்டை ஊசியில திரும்போணுமல்ல?"

வளைவே இல்லாத ரோடு என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். அப்படி ஒரு ரோட்டை நம்ப அவருக்கு மனமில்லை. எப்படியோ இழுத்துப் பிடித்து x² + 10x − 1200 = 0 வரை கொண்டுவந்தேன். காரணிப்படுத்தினார். x = 30, x = −40 என்று இரண்டு விடை வந்தது.

"மைனஸை அடிச்சுப்போடுங்க. வேகத்துல மைனஸ் கிடையாது" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "ஏம்புள்ள, பிளஸ் முப்பதுங்கறது மலை ஏறற பஸ்ஸு. மைனஸ் நாப்பதுங்கறது எறங்கற பஸ்ஸு. சரியாத்தான வந்திருக்குது? அதைய எப்படி அடிச்சுப்போடறது? உள்ள ஆளு இருக்குமல்ல?"

எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் இருந்த பால் பொங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை. அன்று முதல் தினமும் இதே சண்டை. படகாக இருந்தாலும், ரயிலாக இருந்தாலும், மைனஸில் போகிறவர்களைக் கைவிட அவர் சம்மதிக்கவே இல்லை. கூடவே, புத்தகம் எழுதியவர் மலையில் நாற்பதில் இறங்குகிறாரே, இவருக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது என்று வேறு கேட்பார். விடை இரண்டையும் எழுதி வைத்தால் மார்க் போய்விடும். மார்க் போனால் வேலையும் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரடியூரில் என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழக்கம்போல வாய்ச்சண்டை. ஓர் இறக்கத்தில், கீழேயிருந்து ஒரு லாரி முக்கி முக்கி ஏறி வந்தது. இவர் பேச்சை நிறுத்தாமலே ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"எதுக்குங்க நிறுத்தறீங்க? நம்மளுந்தான போவோணும்?"

"இது தெரியாதா? ஏறற வண்டிக்குத்தான் வழி. எறங்கறவன் ஒதுங்கி நிக்கோணும்" என்றார்.

"அப்ப உங்க மைனஸ் நாப்பதையும் ஒதுக்கி நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

லாரி எங்களைத் தாண்டிப் போயிற்று. இவர் ஜீப்பை எடுக்கவில்லை. "இதைய மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார்.

அதன் பிறகு தடையே இல்லை. மைனஸ் வந்தால் மரியாதையாக ஓரங்கட்டிவிடுவார்.

சேலத்தில் பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பியவரிடம், இருபடிக் கணக்கு என்ன வந்தது என்று கேட்டேன். தோட்டக் கணக்காம். நீளம் அகலத்தைவிட 5 மீட்டர் அதிகம், பரப்பு 300 சதுர மீட்டர். விடை 15, −20.

"−20-ஐ ஏன் விட்டீங்கன்னு காரணம் எழுதுனீங்களா?"

"நல்லா வெளக்கமாவே எழுதுனேன். 15 ஏறும் வண்டி, −20 இறங்கும் வண்டி, ஏறும் வண்டிக்கே வழி, ஆகவே தோட்டத்தின் அகலம் 15 மீட்டர்."

தலையில் அடித்துக்கொண்டேன். தோட்டத்துக்குள் வண்டியை விட்டவருக்கு எந்த வாத்தியார் மார்க் போடுவார்? ரிசல்ட் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மட்டும் நொடிக்கொரு தரம், "நொம்ப நல்லா எழுதியிருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ரிசல்ட் வந்த பேப்பர் முதல் பஸ்ஸில் ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்கு வந்தது. பார்க்க மாட்டேன் என்று அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஜீப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். ரோட்டிலேயே பேப்பரை விரித்துத் தேடினேன். நம்பர் இருந்தது. மறுபடி பார்த்தேன். அப்போதும் இருந்தது.

"ஏனுங்க, பாஸுங்க!"

அவர் திரும்பவே இல்லை. "கணக்குலயுமா?" என்றார்.

"நீங்க எழுதுனதே கணக்கு ஒண்ணுதானுங்களே!"

ஜீப்பில் ஏறினார், கிளப்பினார், போய்விட்டார். ஏரிப்பக்கம் திரும்பி, வண்டி மறைந்தே போயிற்று. கட்டின பெண்டாட்டியை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகிற மனுஷனைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவ்வளவு சந்தோஷமாக நான் அதுவரை இருந்ததில்லை. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, கண்ணெல்லாம் சிவந்து என் முன்னால் நிறுத்தினார்.

"ஏம்புள்ள, ஏறாம இங்கயே நின்னுட்டிருக்கற?" என்றார்.