மகள் தலையில் போட்ட அவுரிப்பொடி

பங்குனி மாதம் மகள் ஸ்கூட்டரில் இருந்து விழுந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. ஒன்றரை மாதம் கையை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர்.

அவள் மார்த்தாண்டத்தில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை பார்க்கிறாள். கறுப்பு முடியின் நிறத்தை எடுத்துப் பொன் நிறம் ஆக்குவது அவள் படித்த வேலை. வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று தன் முடியையே கழுத்துக்குக் கீழே முழுக்க அப்படி ஆக்கியிருந்தாள். இடுப்பு வரை முடி அவளுக்கு.

நான் புதுக்கடை சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்கிறேன். கூட இருப்பவர்கள் சும்மா விடுவார்களா?

"ஒனக்க மொவளுக்க மண்டையில சோளம் காய்ச்சிருக்கா பிள்ளே?"

"அறுக்க ஆளு வேணும்னா செல்லு, நாங்க வாறோம்."

அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். என் பிள்ளையைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தே சிரித்தேன்.

கை ஒடிந்த பிறகு அவள் தலையைக் கழுவுவது என் வேலை ஆனது. அவள் சொல்லித் தந்தாள். சுடுவெள்ளம் ஆகாது, பச்சைத் தண்ணீர்தான். வாரம் ஒரு தடவை ஊதா நிற ஷாம்பு, இல்லாவிட்டால் முடி மஞ்சள் தட்டிவிடும். பிறகு நுனியில் கிரீம் தடவிப் பத்து நிமிடம் விட வேண்டும். துண்டு வைத்துத் தேய்க்கக் கூடாது, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பல் அகன்ற சீப்பால் நுனியில் இருந்து சீவ வேண்டும். நனைந்த முடியை இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். அப்புறம் அறுந்துபோகும். முதல் தடவை ஒரு பிடி முடி என் கையோடு வந்தது. அவளுக்குத் தெரியாமல் வாழை மூட்டில் போட்டு மிதித்தேன்.

பிறகு கை பழகிவிட்டது. பக்கத்து வீட்டுக் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து தலையைத் தந்துவிட்டு அப்படியே கண் அயர்ந்துவிடுவாள்.

அப்போது அண்ணன் போன் செய்தான். அவன் மகளுக்குக் கல்யாணம்.

"ஒனக்க மொவளுக்க தலைய என்னவாவது செய்து கூட்டிட்டு வா. மாப்பிள வீட்டுக்காரங்க முன்னால எனக்கு வெக்கக்கேடு."

இதை நான் மகளிடம் சொல்லவில்லை. நாட்டுமருந்துக் கடைக்குப் போனேன். முடி கறுக்க மருந்து கேட்டேன். யாருக்கு, என்ன முடி என்று சொல்லவில்லை. கடைக்காரர் அவுரிப்பொடி தந்தார்.

மறுநாள் செம்பருத்தி இலையை அரைத்து, தலைக்குத் தேய்க்கும் தாளி எடுத்தேன். அதில் பொடியைக் கலந்து அவள் தலை முழுக்க அப்பினேன்.

"மணம் வேறயா இருக்கே அம்மா?"

"இலை முத்தினது. சும்மா இரு பிள்ளே."

அலசினேன். அவுரியின் நீலம் பொன் முடியில் ஏறி, உலர உலரப் பச்சையாக வந்தது. குளத்துப் பாசி நிறம். அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.

"என்னத்தம்மா போட்ட?"

"தாளிதான். பக்கத்து வீட்டுக் கெணத்து வெள்ளத்துல என்னவாவது கெடந்திருக்கும்."

வாய் தானாகச் சொன்னது. அவள் நம்பினாள்.

எங்களுக்குக் கிணறு கிடையாது. பக்கத்து வீட்டு அக்காதான் தண்ணீர் தருகிறாள். நாலு வீட்டுக்கு அந்தக் கிணறுதான். மகள் போய் அக்காவிடம், தண்ணீரில் ஏதோ கிடக்கிறது என்று பதமாகத்தான் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் மோட்டார் சத்தம் கேட்டுப் போனேன். அக்கா கிணற்றை இறைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோடையில் தண்ணீர் எல்லாம் ரோட்டில் ஓடியது.

"குடிக்கிய வெள்ளம் பிள்ளே. கொச்சுக்கு இப்பிடி ஆனதப் பாத்துட்டு நான் எப்பிடி இருக்க? ராத்திரி எனக்கு ஒறக்கமே இல்ல" என்றாள்.

மகளும் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, மோட்டார நிறுத்து" என்றேன் நான்.

"என்னத்துக்கு?"

"வெள்ளத்துக்கு ஒரு கேடும் இல்ல. நான்தான் அவுரிப்பொடி போட்டேன். கறுக்கும்னு நெனச்சேன்."

அக்கா மோட்டாரை நிறுத்தினாள்.

"அதுக்கு எனக்க கெணத்தயா குத்தம் செல்லுவ?"

அக்கா உள்ளே போய்விட்டாள்.

மகளிடம் அண்ணன் சொன்னதையும் சொன்னேன்.

"செல்லியிருந்தா கலியாணத்துக்குக் கறுப்பு அடிச்சிருப்பேன் அம்மா. எங்க பார்லர்ல அது ஒரு மணிக்கூறு வேலை."



கல்யாணத்துக்கு நான் மட்டும் போனேன். மகளுக்குக் கைவலி என்று எல்லோரிடமும் சொன்னேன். அண்ணன் நல்லதாகப் போயிற்று என்றான்.

மகளோடு பார்லரில் வேலை பார்க்கும் பிள்ளை பஸ் ஏறி வந்து, இனி வேறு சாயம் போட்டால் முடி அறுந்துபோகும் என்று பச்சை முடியை எல்லாம் வெட்டினாள். கழுத்து வரைதான் மிச்சம். கட்டு அவிழ்க்கும் வரை அவள்தான் வாரம் ஒரு தடவை வந்து தலை கழுவிவிட்டாள். அக்கா தண்ணீர் தர மாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்குத்தான் அங்கே போகக் கூசியது. அடுத்த தெருக் குழாயில் பிடித்து இரண்டு வாளி சுமந்து வந்து வாசலில் வைப்பேன். கழுவி முடியும் வரை கொஞ்சம் தள்ளி நிற்பேன், மகள் கூப்பிட்டால் போகலாம் என்று.

கூப்பிடவில்லை.