பத்தாவது டப்பா

பிற்பகல் இரண்டரை மணிக்கு ஜன்னல்களைக் கம்பளியால் மூடிவிட்டு, சுவரில் கட்டிய வெள்ளை வேட்டிக்கு எதிரே உட்காருவார் ஆரோக்கியசெல்வம். புரொஜெக்டர் ஓடத் தொடங்கும். முகமூடிக் கொள்ளைக்காரன் ஓடும் ரயிலின் கூரைமேல் தாவுவான். புடவையை வரிந்து கட்டிய துப்பறியும் பெண் பின்னாலேயே தாவுவாள். அவள் தாவும்போதெல்லாம் நாற்காலியில் இவர் கால் லேசாக எம்பும்.

நூற்பாலை இரைச்சலில் முப்பத்தோரு வருடம் நின்றதில் காது இரண்டும் போய்விட்டன. தியேட்டரில் பக்கத்து ஆள் சிரிப்பதைப் பார்த்து, சற்றுத் தாமதமாகத் தானும் சிரித்து வைப்பார். பெரியகுளத்துப் பழைய சாமான் கடையில் ஒரு பேசாப்படச் சுருள் கிடைத்ததோடு தியேட்டருக்குப் போவதும் நின்றது. "இதுல யாருமே பேச மாட்டாக. என்ன சொன்னாகன்னு நானும் ஒருத்தர்ட்டயும் கேக்க வேண்டியதில்ல" என்பார், தெருவுக்கே கேட்கும் குரலில்.

திருட்டு, துரத்தல், அடிதடி தவிர வேறு படம் சேர்க்க மாட்டார். "குத்து விழுந்தா குத்து. அதுக்கு அர்த்தம் கேக்கணுமா?" இசை சேர்த்துத் தருகிறேன் என்று வந்த ஒருவரை அல்லிநகரம் வீட்டு வாசலோடு அனுப்பிவிட்டார்.

அந்த ரயில் படம் மொத்தம் பத்துச் சுருள். இவரிடம் இருந்தது ஒன்பது. அருவிக்கு மேலே கயிற்றில் அவள் தொங்க, கொள்ளைக்காரன் கத்தியை ஓங்குவதோடு ஒன்பதாவது முடிந்துவிடும். வேறு பிரதி எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. பதினெட்டு வருடம் ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். போன ஆடியில் குமுளியிலிருந்து பதில் வந்தது: இறந்துபோன தியேட்டர் ஆபரேட்டர் ஒருவர் வீட்டுப் பரணில் அதே படத்தின் பெயரோடு ஒரு டப்பா, பத்து என்று எண் போட்டு.

குமுளிக்கே போய் வாங்கினார். அங்கேயே திறக்க அவருக்கு மனம் வரவில்லை. பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தார். மனைவி பிலோமினா மேசையைத் துடைத்துத் தாள் விரித்திருந்தாள். துருவேறிய மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பினார்.

உள்ளே சுருள் இல்லை. எத்தனையோ வருட மலை மழை இறங்கி, காப்பிப்பொடி நிறத்தில் வெறும் தூள். விரலால் துழாவினார். ஒரு கட்டி அகப்பட்டது. கையில் எடுத்ததும் அதுவும் உதிர்ந்தது.

பிலோமினா அவர் முகத்துக்கு நேரே குனிந்து, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி நிதானமாகக் கேட்டாள்: "ஒரு துண்டு கூடவா தேறல?"

"அவ விழுந்தாளா, பொழச்சாளான்னு யார்ட்ட போய்க் கேப்பேன் பிலோமி? பாத்தவுக அத்தன பேரும் செத்துப் போனாகளே!"

கொட்டிவிட்டு வரலாம் என்று பிலோமினா டப்பாவை எடுக்கப் போனாள். அவர் அவள் கையை மெல்ல விலக்கினார். தன் உள்ளங்கையை டப்பாவுக்கு மேலே விரித்து, ரேகைகளில் ஒட்டியிருந்த தூளை நகத்தால் சுரண்டிச் சுரண்டி உள்ளே விழவைத்தார்.