இழுத்த துணி திரும்பும் என்றிருந்தேன்

வீரபாண்டியில் எங்கள் பனியன் கம்பெனி. துணி ரோல் வந்தவுடனே கட்டிங்குக்கு விடமாட்டேன். பிரித்து மேசையில் தளர்வாக ஒரு நாள் போட்டுவைப்பேன். மெஷினில் இழுபட்டு வந்த துணி அதற்குள் தன் அளவுக்குத் திரும்பிவிடும். அவசரப்பட்டு வெட்டினால், தைத்த பனியன் சுருங்கி நம் மானத்தை வாங்கிவிடும்.

என் மகள் ஜெர்மனியில் அண்டவெளியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடிகிற சமயம், லீவில் வந்திருந்தாள். முடித்ததும் இங்கேதான் வருவாள் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி, மாடியில் அவளுக்கு ஒரு ரூமும் கட்டிவிட்டேன். அவளிடம் மட்டும் கேட்கவில்லை. என்ன கேட்க வேண்டியிருக்கிறது, என் மகள்தானே!

கம்பெனிக்கு வந்தவளிடம், அப்படி என்னதான் படிக்கிறாய் என்றேன். கழுத்துப் பட்டைக்கு வைக்கிற ரிப் துணியில் மீந்த துண்டு ஒன்றில் மார்க்கரால் புள்ளிகள் வைத்து, ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையை என்னிடம் கொடுத்து இழுக்கச் சொன்னாள். புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. புள்ளிகள் நட்சத்திரக் கூட்டங்கள், துணிதான் அண்டவெளி, அது இப்படித்தான் விரிந்துகொண்டே இருக்கிறது என்றாள். இதில் நடு எது என்று கேட்டாள். என் பக்கத்தில் இருந்த புள்ளியைக் காட்டினேன். சிரித்தாள். நடு என்பதே கிடையாதாம். எந்தப் புள்ளியில் நின்றாலும் மற்றவைதான் நம்மைவிட்டுப் போவதாகத் தெரியுமாம்.

அப்படியானால் இது எதற்குள் விரிகிறது, மேசை எங்கே என்றேன். மேசையே வேண்டியதில்லை, அதற்கு வெளியே என்று ஒன்று இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது என்ன கூத்து! தெரிந்த ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"இழுத்த துணி திரும்பித்தான கண்ணு ஆகோணும்?"

"இது திரும்பற மாதிரி தெரியலீங்கப்பா. விரியற வேகம் கூடிட்டேதான் போகுது."

தன் கைப்பக்கம் இருந்த புள்ளியை விரலால் தொட்டாள்.

"எனக்கு அங்கயே வேலை கெடச்சிருச்சுங்கப்பா. அங்கயே இருந்துக்கலாம்னு இருக்கறனுங்க."

மாடி ரூமுக்கு அவளுக்குப் பிடித்த நீலத்தில் பெயிண்ட் அடித்து, ஈரம்கூடக் காய்ந்திருக்கவில்லை.

"துணிய உடுங்கப்பா" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். விரல் வெளுக்க என் முனையை இழுத்துப் பிடித்திருந்தேன். விட்டேன். துணி முழுக்க அவள் கைக்குப் போய்விட்டது.