கட்டத்துக்கும் பிறந்த தேதி உண்டு

போன புதன்கிழமை காலை. விபூதி இட்டுக்கொண்டு காபி டம்ளரைக் கையில் எடுக்கிறேன்... வாசலில் ஏழுமலை நிற்கிறார்.

அடி அண்ணாமலைக்காரர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை விவசாயம். பெண் கவிதா டீச்சர் வேலை பார்க்கிறாள். ஒன்றரை வருஷம் முன்னால் எங்களிடம் அவள் விவரத்தைப் பதிந்துவிட்டுப் போனவர்.

‘எங்களிடம்’ என்றால்? ஞாயிறுதோறும் நானும் நண்பர்கள் சிலரும் நடத்தும் இலவச ஜாதகப் பரிவர்த்தனைதான். அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனை முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன்!

"உக்காருங்க ஏழுமலை" என்றேன். உட்காரவில்லை.

"வேலூர் சம்பந்தம் முறிஞ்சிடுச்சுண்ணா. அதுகூட பரவால்ல. பையனோட அம்மா போன்ல இன்னா சொன்னாங்க தெரியுமா? பொண்ணுக்கு செவ்வாய் தோஷத்த மறைச்சுட்டீங்க, பொய் சொல்லிட்டீங்கன்னு. நான் எப்பண்ணா மறைச்சேன்? கவிதா நேத்துலேர்ந்து சரியா சாப்பிடல."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

நடந்தது இதுதான். வேலூரிலும் எங்களைப் போல ஒரு குழு இருக்கிறது. அவர்கள் கம்ப்யூட்டரில் கவிதாவின் விவரம் வந்திருக்கிறது. நட்சத்திரப் பொருத்தம் சரி. ‘செவ்வாய் தோஷம்: இல்லை’ என்றும் இருந்திருக்கிறது. ஜாதகத்தை நேரில் வாங்கிக்கொள்ளலாம் என்று பெண் பார்க்க வந்தார்கள், பிடித்துப்போனது. ஜாதகத்தை வாங்கிப் போய் ஜோசியரிடம் காட்டினால்... தோஷம் இருக்கிறது!

‘இல்லை’ என்று யார் சொன்னது?

சுமதிக்குப் போன் போட்டேன். கீழ்பென்னாத்தூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பெண். எங்கள் புரோகிராமை எழுதிக் கொடுத்தவள் அவள்தான். பத்தாவதோடு நின்ற எனக்குப் புரிகிற மாதிரி ஒருமுறை சொல்லியிருக்கிறாள் — வெளியூர் புரோகிராம் நம்ம புரோகிராமைக் கேட்கும், நம்மது பதில் சொல்லும், அந்த வாசலுக்குப் பேர் ஏ.பி.ஐ. என்று. எங்கள் ஃபாரத்தில் உள்ள ஒவ்வொரு கட்டமும் அந்த வாசல் வழியாகத்தான் வேலூருக்குப் போகிறது.

அரை மணியில் பார்த்துச் சொல்லிவிட்டாள். "ஏழுமலை அண்ணன் பதிஞ்சப்போ தோஷம்ங்கிற கட்டமே நம்மகிட்ட கிடையாது சார். அப்புறம்தான சேர்த்தோம்? அதனால அவருக்குக் காலியா போயிருக்கு. காலியா வந்தா அவங்க புரோகிராம் ‘இல்லை’னு காட்டுது."

"அப்போ அவங்க தப்புதானேம்மா?"

"இல்ல சார், நம்ம தப்பு. எந்தக் கட்டம் எந்தத் தேதியிலேர்ந்து இருக்குன்னு எழுதிக் குடுத்திருந்தா, அதுக்கு முன்னாடி பதிஞ்சவங்களுக்கு ‘கேட்கவில்லை’னு போட்டிருப்பாங்க. எழுதி அனுப்புங்கன்னு உங்ககிட்டதான் சொன்னேன்."

சொன்னாள்தான். மனுஷனுக்குத்தான் பிறந்த தேதி வேணும், கட்டத்துக்கு எதுக்கும்மா என்று கிண்டல் பண்ணினேன். கட்டங்களின் பேரை மட்டும் வரிசையாக எழுதி வேலூருக்கு அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்தேன்.

நீங்களே சொல்லுங்கள்... கேட்கப்படாத கேள்விக்கு ஒருவர் பேசாமல் இருப்பதும், கேட்ட பிறகு ‘இல்லை’ என்பதும் ஒன்றா?

ஏழுமலை நின்றுகொண்டே இருந்தார். "அந்தக் கட்டம் எப்பண்ணா வந்துச்சு?" என்றார்.

எனக்கு ஞாபகம் இல்லை. சுமதி கம்ப்யூட்டரை மாற்றியதில் பழைய தேதிகள் போய்விட்டன. உள்ளே இருந்து என் மனைவி, "ஊருக்கெல்லாம் பொருத்தம் பாக்குறாரு, ஒரு தேதி எழுதி வெக்க துப்பில்ல" என்றாள்.

பரண் மேலிருந்து ஃபாரக் கட்டுகளை இறக்கினோம். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஃபாரம் புதிதாக அச்சடித்து வந்தால், முதல் தாளை அண்ணாமலையார் சந்நிதியில் வைத்து வாங்கி வருவேன். குங்குமம் ஒட்டிய அந்தத் தாளின் மூலையில், அர்ச்சனை செய்த தேதியைக் குறித்து, கட்டின் மேலேயே கட்டிவைப்பேன்.

மூன்றாவது கட்டின் மேல் தாளில் தோஷக் கட்டம் இருந்தது. மூலையில் என் கையெழுத்தில் தேதி. ஏழுமலை பதிந்து ஏழு மாசத்துக்குப் பிறகு! இரண்டாவது கட்டில் அவருடைய ஃபாரம். அதில் அந்தக் கேள்வியே இல்லை.

சாமிக்கு வைத்த தாளில் தேதி போடத் தெரிந்திருக்கிறது. மனிதர்களுக்கு அனுப்பிய தாளில் போடத் தெரியவில்லை. என்ன பக்தியோ என்னுடையது...

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு மறுநாள் வேலூர் பஸ் ஏறினேன்.

பையனின் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "கேக்கவே இல்லியா?" என்றார்.

"இல்லைங்கம்மா. கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. எழுத மறந்தது நான்தான்."

கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிறகு, "ஜோசியர் வேணாம்னுட்டாரு. அத மீறி எங்களால செய்ய முடியாதுங்க. ஆனா அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். ஏழுமலைக்கு என் எதிரிலேயே போன் செய்தார். "மன்னிச்சுக்குங்க, பொண்ணுகிட்டயும் சொல்லிடுங்க" என்று இரண்டு முறை சொன்னது காதில் விழுந்தது.

கல்யாணம் கூடவில்லை. நானும் ஜாதகம் நம்புகிறவன்தான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. கவிதாவுக்கு என்று ஒருவனை அண்ணாமலையார் எங்காவது வைத்திருப்பார்.

ஊர் திரும்பியதும் கட்டு கட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே அது வந்த தேதியை எழுதினேன். மொத்தம் பதினாறு கட்டம். சுமதி தட்டச்சு செய்து எல்லா ஊருக்கும் அனுப்பிவிட்டாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஏழுமலை வந்தார். புது ஃபாரம் கேட்டு வாங்கி, தோஷக் கட்டத்தில் ‘உண்டு’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டார். கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி.

"அதான் பெருசா எழுதிட்டீங்களே, தேதி எதுக்கு?" என்றேன்.

"நாளைக்கு நீங்க இன்னொரு கட்டத்த சேர்த்துட்டு என்னை மாட்டி வுட்டுட்டா? உஷாரா இருக்கணும்ண்ணா" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்க்க எத்தனை தடவை வேண்டுமானாலும் வேலூர் போய் வரலாம்.