மூலை கிழித்த தாள்

என் பெண்டாட்டிக்கு நாக்கு நீளம் என்று ஊரே சொல்லும். நான் ஏன் மறுக்கப் போகிறேன்? ஆனால் அந்த நாக்கை நம்பித்தான் ஒரு காகித ஆலையே நடந்தது. இப்போது அவள் தாளைக் கையாலும் தொடுவதில்லை.

அப்போதெல்லாம் ஒவ்வொரு தாள்கட்டிலிருந்தும் ஒரு தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். காதருகே உதறிக் கேட்பாள். கடைசியில் ஓரத்தை நாக்கில் ஒற்றுவாள். பசை சரியாக ஏறியிருந்தால் எச்சில் மேலேயே நிற்கும். இல்லையென்றால் மறுபக்கம் ஊறிவிடும். ஊறினால் அந்தக் கட்டின் மூலையைக் கிழித்துக் கழித்துவிடுவாள். மூலை கிழித்தது மறுபடி கூழாக வேண்டும் என்பது ஆலை வழக்கம்.

அந்த மழைக்காலத்தில் பசை பிடிக்கவே இல்லை. கட்டுக் கட்டாகக் கழித்தாள். முதலாளி எரிந்து விழுந்தார். இவளா அடங்குகிறவள்? எங்கள் கல்குவாரியில் வெடிக்குத் திரி சுற்றுவது அந்தத் தாளில்தான். நானும் அவள் தம்பியும் அங்கேதான் வேலை. "என் தம்பி உசுருங்க அது" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தாள். புருஷன் உயிர் கணக்கிலேயே வரவில்லை, போகட்டும்.

ஒருநாள் நாங்கள் வேலைக்குப் போனபின், அடுப்பெரிக்க நான் குவாரியிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த திரித்தாளை எடுத்தவள், பழக்கதோஷத்தில் நாக்கில் ஒற்றியிருக்கிறாள். ஊறியது. விரித்துப் பார்த்தாள், நாலு பக்கமும் விரலளவு குறைந்திருந்தது. அவள் கிழித்த மூலைகளை ஓரத்தோடு நறுக்கிவிட்டு, கழித்த தாளையே குவாரிக்கு அனுப்பியிருந்தார்கள், பாவிகள். எரிகிற அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

அந்த நேரம் நாங்கள் பாறை மறைவில் காத்திருந்தோம். திரி கொளுத்தி வெகுநேரமாகியும் வெடிக்கவில்லை. ஈரம் ஏறிய திரி செத்ததுபோலக் கிடந்து, நினைத்த நேரத்தில் பற்றும். இன்னும் கொஞ்சம் பொறு என்றேன். மச்சான் சிரித்தான்.

"எங்கக்கா பாத்த தாளு மாமா, ஈரமெல்லாம் ஏறாது. அணைஞ்சுதான் போயிருக்கும். வேற திரி வச்சுட்டு வந்துடறேன்."

அவன் போன கொஞ்ச நேரத்தில் இவள் வந்து நின்றாள், மூச்சிரைக்க, கையில் அந்தத் தாளோடு. இங்கே உனக்கென்ன வேலை என்று கத்தினேன்.

"தம்பி எங்க?" என்றாள்.

கையை நீட்டிக் காட்டினேன். வெடிக்குழியின் மேல் குனிந்திருந்தான். அவள் கூப்பிட வாயெடுப்பதற்குள் சத்தம் வந்துவிட்டது.