ஐந்து கட்டமும் ஒரு பெரியப்பாவும்

1. எல்லாரும் சொந்தம்

நூம்பலில் நாங்கள் போட்ட முதல் குரூப் லைவில், தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிட்டன. திரையில் மொத்தம் ஆறு கட்டம். ஒன்றில் நர்சரிக்காரர் தனசேகர். மற்ற ஐந்திலும் அவருடைய சொந்தக்காரர்கள். ஒருவர் கையிலும் செடி இல்லை.

நான் பல வருஷம் ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து மண்டபங்களில் கல்யாண வீடியோ மிக்சிங் பார்த்தவன். இப்போது லைவ் ஆபரேட்டர். யார் கட்டத்துக்குள் வரலாம், யாரை மியூட் செய்வது, யாரை இறக்குவது என்பதுதான் வேலை. இதற்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது என்ன கேமரா, என்ன லைட் என்றுதான். சொந்தக்காரர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

தனசேகரின் நர்சரி இருக்கும் மனை அவர் மனைவி வழியில் வந்தது. மச்சான் கோபி பெயரும் பத்திரத்தில் உண்டு. பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்காரர்கள் கார் நிறுத்த அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோபிக்குக் கொடுத்துவிடத்தான் ஆசை. "ஆடி வரிக்கும் பாக்கறேன். ஜனம் வந்தா வச்சிக்கோ. வரலைன்னா பார்க்கிங்குக்கு உட்டுடலாம்" என்று சொல்லியிருந்தார். நர்சரி போனால் தனசேகர் பழையபடி கால் டாக்சி ஓட்டப் போக வேண்டும். அந்த முதுகுவலியை நினைத்தாலே அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

சுற்றிலும் அடுக்குமாடிகள். பால்கனியில் நின்றால் நர்சரி தெரியும். ஆனால் அங்கே இருப்பவர்கள் இறங்கி வருவதில்லை. செடி வாடினால் போனில் தேடுவார்கள், பிறகு தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதனால்தான் நான் குரூப் லைவ் போடலாம் என்றேன். வாடிய செடியோடு ஒருவர் கட்டத்துக்குள் வந்து காட்டுவார், தனசேகர் வைத்தியம் சொல்வார், மற்றவர்கள் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, டிபன் முடிந்த நேரம்.

தனசேகர் லிங்கை முதலில் போட்டது குடும்ப குரூப்பில். நல்ல காரியத்துக்கு முதல் பத்திரிகை பங்காளிக்குத்தானே என்றார். அழைத்தால் வராமல் இருப்பார்களா, எல்லாரும் வந்தார்கள். வந்தவர்கள் கட்டத்தைவிட்டுப் போகவில்லை. ஒருவர் வீட்டிலிருந்து மின்விசிறி மட்டும் தெரிந்தது. மாங்காட்டுப் பெரியப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேலப்பன்சாவடி ஃபிளாட்டிலிருந்து ஓர் அம்மா, தன் கறிவேப்பிலைச் செடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது, கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கமென்டில் கேட்டுக்கொண்டே இருந்தார். சேர்க்க இடம் இல்லை. பெரியப்பாவை இறக்கலாமா என்று தனசேகரிடம் சைகையில் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். கடைசியில் கட்டத்துக்குள் இருந்தவர்களும் வெளியே பார்த்தவர்களும் ஒரே எண்ணிக்கையில் வந்து நின்றார்கள்.

2. ரிமூவ் பட்டன்

அடுத்த ஞாயிறும் அதே பந்தி. கறிவேப்பிலை அம்மாள் மறுபடி காத்திருந்தார். எனக்குப் பொறுமை கிடையாது. பெரியப்பா வாயில் இட்லியை வைத்த நேரம் பார்த்து ரிமூவ் அழுத்தினேன். அந்த அம்மாள் உள்ளே வந்தார். திருநெல்வேலிக்காரர், கணவருக்கு ஐடி வேலை. இலையைத் திருப்பிக் காட்டினார். மாவுப்பூச்சி. வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அடிக்கச் சொன்னார் தனசேகர். அந்த அம்மாள் பால்கனியில் இருந்த மற்ற செடிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டி முடிப்பதற்குள் வாசலில் மொபெட் சத்தம்.

மாங்காட்டிலிருந்து பெரியப்பா நேரில் வந்துவிட்டார். நேராக கேமரா முன்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"என்னிய எட்த்துட்டு யாரோ ஒரு பொம்பளைய ஒக்கார வச்சிகீற. நான் இன்னாடா தப்பு பண்ணேன்? சோறுதான துன்னுகினு இருந்தேன்?"

அந்த அம்மாள் கட்டத்துக்குள் இருந்தபடியே, நான் வேண்டுமானால் போய்விடட்டுமா என்று கேட்டார். லைவை நிறுத்தினேன்.

பெரியப்பா போன பிறகு தனசேகர் ஒரு மண் பையின் மேல் உட்கார்ந்தார். "அவரு என் கல்யாணத்துல முன்ன நின்னவருண்ணா. இன்னிக்கு ஊரு பாக்க எறக்கி உட்டோம்" என்றார். நர்சரியும் போய் உறவும் போகப் போகிறது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பட்டன் அழுத்தியது சரி என்றும் தோன்றியது. இரண்டும் சேர்ந்து வந்து அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

3. மேடையிலிருந்து இறக்குவது

ரிசப்ஷன் மேடையில் இதைத்தான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். மேலே ஏறிய சொந்தக்காரரை யாரும் இறங்குங்கள் என்று சொல்வதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நடுவில் நிறுத்தி, போட்டோ எடுத்து, கையில் தாம்பூலப் பையைக் கொடுப்பார்கள். பை கைக்கு வந்ததும் அவர் தானாக இறங்கிவிடுவார். மண்டபத்தில் சண்டை வராமல் இருப்பது அந்தப் பையால்தான்.

அடுத்த வாரம் லைவில் முதலில் சொந்தங்களையே ஏற்றினோம். தனசேகர் ஒவ்வொருவரையும் முறை சொல்லி அழைத்து நலம் விசாரித்தார். பெரியப்பாவிடம், "ஒனக்கு ஒரு மல்லிச் செடி எட்த்து வச்சிகீறேன் பெரிப்பா, வந்து வாங்கிக்கோ" என்றார். பெரியப்பா சட்டென்று தட்டை வைத்துவிட்டு எழுந்தார். அவர் கட்டம் காலியானது. நான் எந்தப் பட்டனையும் தொடவில்லை.

மற்றவர்களும் அப்படியே இறங்கினார்கள். ஃபிளாட்காரர்கள் உள்ளே வந்தார்கள். கருகிய துளசி, காய்க்காத தக்காளி, தண்ணீர் ஊற்றியே கொன்ற கற்றாழை. ஒருவர் காட்டுவதைப் பார்த்து இன்னொருவர் தன் தொட்டியைத் தூக்கிவந்தார். மண் வாங்க ஆட்கள் நர்சரிக்கே வரத் தொடங்கினார்கள். ஆனால் கோபி இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வேடிக்கை பார்க்க வருகிறவன் வியாபாரம் தரமாட்டான் என்றார். ஆடி பிறந்துவிட்டது.

4. மச்சான் உள்ளே வந்தார்

ஆடி முதல் ஞாயிறு, லைவ் நடுவே கோபியிடமிருந்து ரெக்வஸ்ட் வந்தது. தனசேகருக்கு வேர்த்துவிட்டது. எல்லார் முன்னாலும் கடையை மூடச் சொல்லப்போகிறார் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வராமல் தடுத்தால் அது பெரியப்பா கதையைவிட மோசமாகிவிடும். அக்செப்ட் செய்தேன்.

கோபி முகம் வந்தது. தொண்டையைச் செருமினார். அவர் பேசுவதற்குள் திருநெல்வேலி அம்மாள் தன் கட்டத்திலிருந்து அக்கறையாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க செடிக்கு என்ன செய்யுது?"

மற்ற கட்டத்துக்காரர்களும் அவர் முகத்தையே பார்த்தார்கள். கோபி எழுந்தார். போன் ஆடியது. சோபா, கதவு, துணிக்கொடி எல்லாம் ஓடின. பால்கனி மூலையில் போய் நின்றது. ஒரு ரோஜாச் செடி. இரண்டே கிளை, மூன்று இலை. கோபியின் புது வீட்டு கிரகப்பிரவேசத்துக்குத் தனசேகரே கொடுத்தது.

"பூக்கவே மாட்டேங்குது" என்றார் கோபி.

தனசேகர் திரைக்கு அருகே குனிந்து பார்த்தார். "இன்னும் அந்த கறுப்புக் கவர்லயே வச்சிகீற மச்சான். தொட்டிக்கு மாத்தலியா?"

"நீ சொல்லவே இல்லியே."

"நீ கேக்கவே இல்லியே."

 பிறகு தனசேகர் எப்படி மாற்றுவது என்று சொல்லத் தொடங்கினார்.  கோபி ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கவரைக் கிழித்தார். மாலையில் தொட்டியும் மண்ணும் வாங்க நர்சரிக்கு வந்தார். செடி வாங்க வந்தவர்களின் வண்டிகளால் வாசலில் கார் நிறுத்த இடம் இல்லை. காரைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்து வந்தார். மண்டபத்துக்காரர்கள் பிறகு வேறு மனை பார்த்துக்கொண்டார்கள்.

ஆள் சேர்ப்பது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். சும்மா பார்ப்பதற்கென்று வருகிறவர்கள் குறைவு. பெரும்பாலானவர்களிடம் காட்டுவதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது, என்னவென்று யாராவது கேட்டால் போதும். அதைக் கேட்கத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு இப்போது ஒரே பிரச்சினை கோபிதான். ஞாயிறு தவறாமல் முதல் ஆளாக உள்ளே வந்துவிடுகிறார். தாம்பூலச் செடி கொடுத்து இறக்கினால், அடுத்த வாரம் அந்தச் செடியையும் தூக்கிக்கொண்டு வருகிறார்.