பாதியில் நின்ற பச்சை

தௌங் பே நடக்கும்போது பத்தடிக்கு ஒருமுறை லுங்கியின் வலப் பக்கத்தைக் கீழே இழுத்து விட்டுக்கொள்வான். இடப் பக்கத்தைப் பற்றி அவனுக்குக் கவலை கிடையாது. அது காற்றில் பறந்தாலும், முள்வேலியில் மாட்டிக் கிழிந்தாலும் குனிந்து பார்க்க மாட்டான். வலப் பக்கம் மட்டும் கணுக்காலை மூடிக்கொண்டு, தெருச் சேற்றைக் கூட்டியபடி வர வேண்டும். பர்மாவின் மோல்மீன் ஊரில் இந்த மழைக்காலத்தில் இப்படி ஒருச்சாய்ந்து நடக்கும் பிறவி இவன் ஒருவன்தான்.

காரணம் பேட்டை முழுக்கத் தெரியும். அவனுடைய வலது தொடை ஆண்மகனுடையது. இடது தொடை சின்னப் பையனுடையது.

ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்த வருஷம் பேட்டைப் பையன்களுக்கெல்லாம் பச்சை குத்திக்கொள்ளும் வெறி வந்தது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை புலியும் பூதமும் வாலோடு வால் பின்னி நிற்கும்படி குத்திக்கொண்டால் அவன் ஆண்மகன் என்பது பழைய வழக்கம். குண்டு துளைக்காது என்பது போரை முன்னிட்டுச் சேர்த்துக்கொண்ட சலுகை. தொடைக்கு மூன்று நாள். தௌங் பே மூன்று நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்து வலது தொடையை முடித்துவிட்டான். நான்காம் நாள் காலை, ஊசி இடது தொடையைத் தொடுவதற்குள் எழுந்து வேலி தாண்டி ஓடினான். அடுத்த பாயில் கிடந்த பக்கத்து வீட்டு போ நீ இவனைவிட ஒரு வயது சின்னவன். அவன் ஆறு நாளும் ‘ம்’ என்று முனகாமல் இரண்டு தொடையையும் முடித்துக்கொண்டு எழுந்தான்.

போ நீயின் அக்கா மா ஞோவின் வாய்க்கு அன்றிலிருந்து ஓயாத வேலை.

“ஏய் அரை ஆம்பிளை! உன்னைக் கட்டிக்கிறவளுக்கு மிச்சப் பாதியை எங்கடா வாங்கிக் குடுப்பே?”

“காயம் ஆறட்டும்னு விட்டு வெச்சிருக்கேன். மழை விட்டதும் முடிச்சிருவேன்.”

“எந்த வருஷத்து மழை?”

தௌங் பேக்குப் பதினைந்து வயது. அப்பா இல்லை. அம்மா டோ மியா சுருட்டும் சுருட்டுகளைத் தட்டில் அடுக்கிப் படகுத்துறையில் விற்கிறான். காதில் எப்போதும் ஒரு சுருட்டு இருக்கும். பற்ற வைத்தால் இருமல் வந்து கண்ணில் நீர் கொட்டும் என்பதால், அவ்வப்போது எடுத்து, கண்ணை மூடி முகர்ந்துவிட்டு, பெரிய மனுஷன் போலத் திரும்பச் செருகிக்கொள்வான். துறைமுனையில் நிற்கும் ஜப்பான் காவல்காரனுக்குக் குனிந்து வணங்காமல் போனதற்காக மூன்று முறை அறை வாங்கியிருக்கிறான். அந்தப் பச்சையில் குண்டுக்கு மந்திரம் இருந்ததே தவிர அறைக்கு இல்லை. ஊர்க் கடிகாரங்கள் எல்லாம் இப்போது டோக்கியோ நேரம் காட்டுகின்றன. சூரியன் ஒன்றுதான் இன்னும் உத்தரவுக்குக் கட்டுப்படாமல் பழைய நேரத்தில் உதித்துக்கொண்டிருக்கிறது. அதை அறைய ஆளில்லை.

பிறகு வேர்வைப் படை வந்தது. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் வேண்டும். “ரத்தம் சிந்தறது அவங்க பங்கு, வேர்வை சிந்தறது நம்ம பங்கு” என்று பேட்டைத் தலைவர் ஊ ச்வே பான் விளக்கினார். விளக்குவது அவர் பங்கு. வரிசைப்படி வீட்டுக்கு ஓர் ஆண். ஆணில்லாத வீடானால் அதைத் தாண்டி அடுத்த வீடு. யார் ஆண், யார் பையன் என்பதுதான் சிக்கல். பிறந்த நாள் எழுதிய ஓலைகள் குண்டுவீச்சில் வீடுகளோடு எரிந்துபோயிருந்தன. ஒரே வாரத்தில் பேட்டைத் தாய்மார் எல்லோருடைய பிள்ளைகளுக்கும் பதினொரு வயது ஆகிவிட்டது. அரும்பு மீசையோடுகூடச் சில பதினொரு வயதுகள் திரிந்தன. ஊ ச்வே பான் ஒரு நாள் முழுக்க யோசித்து, பச்சை குத்தியவன் ஆண், குத்தாதவன் பையன் என்று தீர்ப்புச் சொன்னார்.

கோடையில் முதல் அழைப்பு. டோ மியா மகனுக்கு முன்னாலேயே பாடம் சொல்லி வைத்திருந்தாள்: “இடது பக்கத்தைத் தூக்கிக் காட்டு. வலதைக் கேட்டா, வயித்துவலின்னு கீழே உக்காந்துரு.” தலைவர் வலதைக் கேட்கவில்லை. அவர் மடியில் டோ மியாவின் சுருட்டு ஒரு கட்டு இருந்தது. வழுவழுவென்றிருந்த இடது தொடையை உற்றுப் பார்த்து, “பையன்தான். ஆளில்லாத வீடு. அடுத்து!” என்றார்.

அடுத்த வீடு மா ஞோவின் வீடு. அவளுடைய அப்பா கோ போ சா முன்னால் வந்தார். எந்த நேரமும் இருமுகிற மனிதர். “எம் பையன் தொடையைப் பாக்காதீங்கய்யா, நானே வரேன். இருமலுக்கு மலைக்காத்து நல்லதாமே?” என்று சிரித்தார். மூங்கில் தொப்பியை வைத்துக்கொண்டு லாரியில் ஏறினார்.

மறுநாள் அரிசி வரிசையில் தௌங் பே பெரியவர்களுக்கான முழு அளவு கேட்டான். “நேத்துத்தானே நீ பையன்னு எழுதினாங்க?” என்று பாதி கொடுத்து அனுப்பினார்கள்.

நான்கு மாதம் கழித்துத் தொப்பி மட்டும் திரும்பி வந்தது. கொண்டு வந்தவன் காய்ச்சலில் மஞ்சளாகிப் போயிருந்தான். தொப்பியை மா ஞோவின் வாசல்படியில் வைத்தான், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான், போய்விட்டான்.

லுங்கியை இழுத்துவிடும் பழக்கம் அன்றைக்குத்தான் தொடங்கியது. மா ஞோ இப்போது அவனைக் கேலி செய்வதில்லை. எதிரே பார்த்தால், “சுருட்டு வித்துதா?” என்று மரியாதையாகக் கேட்கிறாள். ஒரே ஒரு தடவை ‘அரை ஆம்பிளை’ என்று கூப்பிட மாட்டாளா என்று ஏங்குகிறான் தௌங் பே. அவள் கூப்பிடுவதாயில்லை.

இன்று காலை இரண்டாவது அழைப்பு. வீட்டு வரிசையில் மாற்றமில்லை. மடத்துச் சத்திரத்தின் முன்னால் தூறலில் நிற்கிறார்கள். இன்னும் ஓர் ஆள்தான் குறை. வரிசை தௌங் பேயிடம் வந்து நிற்கிறது. அவனுக்கு அடுத்து நிற்பவன் போ நீ. பதினாலு வயது. அப்பாவின் தொப்பி அவன் தலைக்குப் பெரிதாக, கண்வரை இறங்கியிருக்கிறது. ஈரத்தில் ஒட்டிய லுங்கிக்கு உள்ளே இரண்டு தொடையிலும் புலிகள் தெரிகின்றன. கூட்டத்தில் மா ஞோ தம்பியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“டோ மியா மகனா? இடது பக்கத்தைத் தூக்குப்பா” என்கிறார் ஊ ச்வே பான். “எனக்குத் தெரியும். இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்கே.” அவருடைய பென்சில் அதற்குள் அடுத்த பெயருக்கு நகர்ந்துவிட்டது.

தௌங் பே அசையவில்லை.

“என்னப்பா, கை வலிக்குதா?”

“அவனுக்கு வயித்துவலி!” யாரும் கேட்காமலே கூட்டத்திலிருந்து டோ மியா கத்துகிறாள். “ராத்திரியிலேருந்து வயித்துவலிங்கய்யா அவனுக்கு!”

தௌங் பே காதிலிருந்த சுருட்டை எடுக்கிறான். இந்த முறை முகரவில்லை. “நனையாமப் பிடிடா” என்று போ நீயின் கையில் கொடுக்கிறான். பிறகு குனிந்து, சேறு படிந்த லுங்கியை முன்பக்கம் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, கால்களுக்கு நடுவே பின்னால் இழுத்து, வேலைக்கு இறங்கும் ஆண்கள் செருகுவதுபோல இடுப்பில் இறுக்கி, வலது தொடைப் புலிகள் வெளியே தெரியத் தார்பாய்ச்சிக் கட்டுகிறான்.